சாராள் எழுதிய மூன்று சீட்டுகள்

கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் பெண்ணின் கழுத்து நகையைப் பார்ப்பார்கள். சாராள் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் சோபாவின் காலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உதட்டை ஒரு பக்கமாகச் சுழிப்பாள். தேனியில் அவளுடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்தச் சுழிப்புக்குப் பயந்தார்கள். புதிதாக அலமாரி வாங்கியவர்கள், சாராள் வருகிறாள் என்று தெரிந்தால் அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிடுவார்கள். அவளும் விடமாட்டாள், சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, இது மழைக்காலத்தில் கதவு திறக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

இந்த வாய் அவளுக்கு வந்தது போடியில். பத்தொன்பது வயதில் சுயம்புலிங்கத்தின் மரம் அறுக்கும் மில்லில் பில் போடச் சேர்ந்தாள். சுயம்புலிங்கம் அவளுக்கு ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை. பகலில் பாதி நேரம் நாற்காலியிலேயே தூங்குகிறவர் என்னத்தைக் கற்றுக் கொடுப்பார். வருகிற முட்டாள்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் மரம் படித்தாள். பச்சை மரத்தை அறுத்து வாங்கிப் போய் ஜன்னல் செய்துவிட்டு, ஐப்பசியில் ஜன்னல் மூடவில்லை என்று சண்டைக்கு வந்த காண்டிராக்டர். மாமரத்துக்குச் சாயம் பூசித் தேக்கு என்று விற்க வந்தவன். உள்ளே உளுத்துப்போன பலாவை ஏலத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் கட்டிக் கொண்டுவந்து, மேலே தட்டிக் காட்டி விலை பேசியவன். பதினொரு வருஷத்தில், பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எந்த மூலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். மில்லுக்கு வருகிறவர்கள் முதலாளியை எழுப்பாமல் நேராக அவளிடம் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அவளுடைய வாழ்க்கையில் அவள் ராணியாக இருந்த காலம் என்றால் அதுதான்.

பெண் பார்க்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கழித்துக் கட்டி, முப்பது வயதில் பிரின்ஸைக் கட்டிக்கொண்டாள். அவனுக்குத் தேனி பஜாரில் பர்னிச்சர் கடை இருந்தது. பர்னிச்சர் என்றால் மரம், மரம் என்றால் நம் ராஜ்ஜியம் என்று நினைத்துக் கழுத்தை நீட்டியவளுக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே விஷயம் தெரிந்துபோனது. கடையில் எதுவும் செய்வதில்லை. லாரியில் அட்டைப்பெட்டி வரும். பெட்டியைப் பிரித்தால் சோபா இருக்கும். சோபாவைப் பிரித்தால் ஆப்பிள் பெட்டிச் சட்டமும் கோணியும் இருக்கும். தண்ணீர் சிந்தினால் ஊதிப்போகும் மேஜை, இரண்டு பேர் உட்கார்ந்தால் முனகும் கட்டில். அவள் காறித் துப்பக்கூடிய சாமான்களை அவளே தினமும் காலையில் துணியால் துடைத்து, வருகிறவர்களிடம் பல்லைக் காட்டி விற்றாள். இப்படிப் பதினாறு வருஷம்.

பிரின்ஸ் நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் கிடையாது என்பது அவளுடைய தீர்ப்பு. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சரி. காலையில் அவளுக்குத் தலையாட்டுவான், மத்தியானம் அண்ணனுக்கு ஆட்டுவான், சாயங்காலம் டீக்கடையில் எவன் பேசினாலும் அவனுக்கும் ஆட்டிவிட்டு வருவான். கழுத்து வலிக்குதா என்று அவள் கேட்டால் அதற்கும் ஆட்டுவான்.

அண்ணன் எபனேசர் வேறு ரகம். முப்பத்தொரு வருஷம் ஒரு அரசாங்க ஆபீஸில், மற்றவர்கள் எழுதிய காகிதத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திய பழக்கத்தில் உலகத்தில் எல்லாக் காரியமும் தன்னுடைய ஒப்புதலுக்காகக் காத்திருப்பதாக நம்பினார். சபையில் கமிட்டி மெம்பர். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால், மூன்றாவது ஆளாகப் போய் நின்று இருவருக்கும் புத்தி சொல்லிவிட்டு வருவார்.

வருசநாட்டுப் பக்கம் அவர்களுடைய அப்பா வாங்கிப் போட்ட ஒரு இலவந்தோப்பு இருந்தது. அதை விற்றபோதுதான் கதை ஆரம்பமானது. பங்கு பிரிக்காமல் அந்தப் பணத்தில் ஏதாவது செய்யலாம் என்று பிரின்ஸ் சொன்னான். பூதிப்புரம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். நாமே கட்டிலும் மேஜையும் செய்து விற்போம் என்று முடிவானது. அன்றைக்குப் பிரின்ஸ் தன் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான சொல்லைச் சொன்னான்.

"கொட்டகைய நீயே பாத்துக்க."

சாராளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இழந்துபோன ராஜ்ஜியம் திரும்பக் கிடைக்கப் போகிறது என்ற சந்தோஷம். எபனேசரும் சம்மதித்தார், ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை. ஒரு வருஷம் பார்ப்போம், வேலை ஓடாவிட்டால் கொட்டகையைப் பஞ்சு குடோனுக்கு விட்டுவிடலாம், இலவம் பஞ்சு வியாபாரி ஒருவர் இப்போதே கேட்கிறார் என்றார். ஆக, கொட்டகை ஓடினால் சாராள் அங்கே. ஓடாவிட்டால் மறுபடியும் துடைக்கிற துணியும் ஆப்பிள் பெட்டி சோபாவும்தான்.

கையில் இருந்த பணத்துக்கு ஒரே ஒரு பெரிய மெஷின்தான் முதலில் வாங்க முடியும். மற்றதெல்லாம் வேலை வந்த பிறகு. எந்த மெஷினை முதலில் வாங்குவது என்று கேட்டால் சாராளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் இருந்தது. பிளேனர், அதாவது மரத்தை இழைத்து மட்டப்படுத்துகிற மெஷின். மரம் அறுத்து வரும்போது எதுவும் நேராக வருவதில்லை. காயும்போது வளையும், திருகும். அதை நாலு பக்கமும் மட்டமாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தச்சு வேலைக்கு அவர்கள் பேசி வைத்திருந்த ராக்கையாவும் அதையேதான் சொன்னான். ராக்கையா மற்ற ஆசாரிகளைப் போல வாயால் கட்டில் செய்கிறவன் அல்ல என்பதால் சாராள் அவனை மட்டும் மனிதனாக மதித்தாள்.

எபனேசர் கோயம்புத்தூரில் மெஷின் கண்காட்சிக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு துணிப்பை, நாலு வண்ணப் புத்தகம், கம்பெனி பெயர் போட்ட ஒரு தொப்பி, மயில் செதுக்கிய ஒரு சின்னப் பலகை இவற்றோடு வந்தார். அறுபது வயதுக்கு மேல் ஆன மனுஷன் அந்தத் தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றாமல் இரண்டு நாள் இருந்தார். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் தானாகவே மரத்தில் செதுக்கிவிடும் சிஎன்சி மெஷின், அதுதான் வேண்டும் என்றார். மயில் வரும், லட்சுமி வரும், இயேசுவின் இராப்போஜனப் படத்தில் பன்னிரண்டு சீஷர்களும் முகச்சாயலோடு வருவார்கள். போனில் வீடியோ காட்டினார். பிரின்ஸ் பார்த்துத் தலையாட்டினான்.

"அத்தான், மொதல்ல மரத்த நேராக்கணும். பெறகு அளவு பாத்து அறுக்கணும். கடைசியாத்தான் பூப்போடணும்," என்றாள் சாராள் எபனேசரிடம். "பூப்போடுறத மொதல்ல வாங்கி என்ன செய்ய?"

உலகம் எங்கேயோ போய்விட்டது, நீ இன்னும் போடி மில்லிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று அவர் சிரித்தார். முத்திரை குத்துகிறவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். நடுவில் பிரின்ஸ், பிளைவுட் கடைக்காரன் எட்ஜ் பேண்டர்தான் முதலில் வாங்கணும் என்றானே என்று மெதுவாக ஒரு மூன்றாவது மெஷினை இழுத்துவிட்டான். பிளைவுட் ஓரத்தில் பட்டை ஒட்டுகிற மெஷின் அது. சாராள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

இப்படியே மூன்று வாரம் போனது. கடைசியில் எபனேசர், அந்த வீட்டில் எப்போதும் நடக்கிற காரியத்தைச் சொன்னார். திருவுளச் சீட்டு போட்டுவிடலாம் என்றார்.

இந்தக் குடும்பத்தில் கர்த்தருக்கு ஓய்வுநாள் என்பதே கிடையாது. சாராளின் மகள் ஜெஸ்லினை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, கண் ஆபரேஷனை மதுரையில் செய்வதா தேனியில் செய்வதா, சமையலறைக்கு வெள்ளை டைல்ஸா பச்சை டைல்ஸா, எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். தன் புத்தியால் முடிவெடுத்துத் தப்பாகப் போனால் பழி தன் மேல் விழும். சீட்டு எடுத்துவிட்டால் பரலோகத்தின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். எடுக்காமல் மிஞ்சிய சீட்டுகளைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. பிரித்தால் அவிசுவாசமாம். அப்படியே அடுப்பில் போட்டுவிட வேண்டும். பச்சை டைல்ஸ் விழுந்த நாளிலிருந்தே சாராளுக்கு இந்தச் சீட்டின் மேல் துளியும் மரியாதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்தார்கள். எழுத்து நன்றாக இருக்கும் என்று சீட்டு எழுதும் வேலையைச் சாராளிடமே கொடுத்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலண்டர் தாளை மூன்றாகக் கிழித்து, மூன்றிலும் பிளேனர் என்று எழுதினாள்.

தச்சன் வீட்டில் வளர்ந்த இயேசுவுக்கு எது முதலில் வாங்க வேண்டும் என்று தெரியாதா, அவரிடம் போய் எட்ஜ் பேண்டரா என்று கேட்பது அவரையே கேவலப்படுத்துவது இல்லையா என்று நினைத்துக்கொண்டாள். முட்டாள்களுக்கு உண்மையைச் சொல்லிப் புரியவைக்க முடியாதபோது பொய்யாலாவது நல்லது செய்ய வேண்டியதுதான். மிஞ்சுகிற இரண்டும் அடுப்புக்குப் போகும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

மூன்றையும் ஒரே மாதிரி மடித்து வைத்தாள். எபனேசர் அவற்றை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட ஒரு செம்பு எடுத்துவருவதாக உள்ளே போனார். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். செம்பை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஆதியாகமத்தில் ஆரம்பித்து, சபையில் உள்ள நோயாளிகள் எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்து, கோயம்புத்தூர் கண்காட்சி வழியாக மெஷினுக்கு வந்து சேர்வதற்குள் சாராளுக்குக் கால் மரத்துப்போனது. ஆமென் சொன்னதும் பிரின்ஸ் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தான். பிரித்தான்.

"சிஎன்சி," என்றான்.

சாராள் அந்தச் சீட்டை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். காலண்டர் தாள்தான். ஆனால் எழுத்து அவளுடையது அல்ல. ஆபீஸ் கையெழுத்துப் போல வலது பக்கம் சாய்ந்து வால் நீட்டிய எழுத்து. நிமிர்ந்து எபனேசரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பைக்குள் மடித்த தாள்களின் முனை தெரிந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு, பையை ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் உள்ளே போய் அவளுடைய சீட்டுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மூன்றும் பிளேனர். அதைப் பார்த்துவிட்டு மூன்று சிஎன்சி எழுதிப் போட்டிருக்கிறார். திருட்டு என்று கத்தலாம். கத்தினால் அவர் பையிலிருப்பதை எடுத்து மேஜையில் வைப்பார்.

"கர்த்தருடைய சித்தம்," என்றார் எபனேசர்.

"ஆமென்," என்றாள் சாராள். பிரின்ஸ் மிச்ச இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

மெஷின் வந்தது. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். அவர் போன பிறகு ராக்கையா தன் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தான். எபனேசர் தொப்பியைப் போட்டுக்கொண்டு தினமும் பஸ் ஏறிக் கொட்டகைக்கு வந்தார். முதல் மாதம் முழுக்க மெஷின் செய்தது, எபனேசரின் வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை, அவருடைய மருமகன் வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை, சபைக்கு ஒரு வசனப்பலகை. எல்லாம் கடையில் இழைத்தே வாங்கிய பலகையில் செய்தது, அதனால் அழகாகவே வந்தது. பாத்தியா என்று அவர் பார்க்கிறபோதெல்லாம் சாராள் கூட்டி முடித்த இடத்தையே மறுபடியும் கூட்டினாள். ஒரு நாளைக்கு இந்த ஆள் மூஞ்சியில் கரியைப் பூசாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் நேர்ந்துகொண்டாள்.

இரண்டாம் மாதம் கடமலைக்குண்டிலிருந்து சின்னக்கருப்பு வந்தார். மகள் ஓவியாவின் கல்யாணச் சீருக்குக் கட்டில் செய்ய வேண்டும். கூடவே ஒரு வண்டியில் தன்னுடைய காட்டு வரப்பில் நின்ற தேக்கை அறுத்துக் காயவைத்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பேச்சுக் குறைவான மனிதர். இரண்டே விஷயம்தான் சொன்னார். தலைமாட்டுப் பலகையில் இரண்டு மயில் எதிரெதிராக இருக்க வேண்டும். அந்தப் பலகை ஒரே பலகையாக இருக்க வேண்டும், மணக்கட்டிலின் தலைமாட்டில் ஒட்டு இருப்பது அவர்கள் வீட்டில் ஆகாது. அதற்காகவே அடிமரத்தில் அகலமாக ஒரு பலகை அறுத்து வைத்திருந்தார். அந்த மரத்தில் அவ்வளவு அகலத்துக்கு அது ஒன்றுதான் கிடைத்தது என்றார். எபனேசர் வீடியோவைக் காட்டிக்கொண்டே இருந்தார். சின்னக்கருப்பு வீடியோவைப் பார்க்காமல், பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த சாராளைப் பார்த்தார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது.

கால்களும் சட்டங்களும் ராக்கையா கையாலேயே இழைத்துச் செய்து முடித்தான். அதற்கே பதினோரு நாள் ஆகிவிட்டது. தலைமாட்டுப் பலகைக்கு வந்தபோது சாராளைக் கூப்பிட்டான்.

"அக்கா, பலகை திருகியிருக்கு. ரெண்டு நாளு குடுங்க, நேராக்கிர்றேன்."

சாராள் பலகையின் ஒரு முனையில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வலது மூலை ஒரு விரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. மெஷினுக்கு அது தெரியாது. இடது பக்கம் எவ்வளவு ஆழமோ அதே மட்டத்தில்தான் அது வலது பக்கமும் ஓடும், அங்கே மரம் கீழே இருக்கும். இதற்கு அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில், மயில் எப்படி வரும் என்பது கூடத் தெரிந்துவிட்டது.

"வேணாம்," என்றாள். "அப்படியே ஏத்துங்க. நேராக்கத் தேவையில்லாத மெஷின்தான வாங்கியிருக்காக."

ராக்கையா அவளையே பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு பலகை போனால் போகட்டும். இந்த ஒரு பலகையோடு அத்தானுக்குப் புத்தி வரும், பிளேனர் வரும், பிறகு இந்தக் கொட்டகையில் யாரும் அவளை எதிர்த்துப் பேச மாட்டார்கள். அவளுக்கு அன்றைக்கு எபனேசருடைய முகம்தான் முக்கியமாக இருந்தது. சின்னக்கருப்பு என்ற ஒரு மனிதர் நினைவிலேயே இல்லை. எபனேசருக்குத் தானே போன் போட்டு, அத்தான் மயில் போடப் போகிறோம் வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டாள்.

எபனேசர் தொப்பியோடு வந்தார். மெஷின் ஓடியது. இடது பக்க மயில் தோகையோடு, கண்ணோடு, கொண்டையோடு எழுந்து வந்தது. வலது பக்கம் போகப் போகச் சத்தம் மெலிந்தது. பலகையை இறக்கித் தூசியைத் தட்டிப் பார்த்தார்கள். வலது பக்க மயிலுக்கு அலகு மட்டும் நகக்கீறலாக விழுந்திருந்தது. கழுத்து இல்லை, தோகையில் பாதி இல்லை. எபனேசர் தொப்பியைக் கழற்றினார். மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாமா என்று ராக்கையாவிடம் கேட்டார். இடது பக்கத்தில் ஏற்கெனவே ஆழமாக இறங்கிவிட்டது, அதைச் சீவி எடுத்து மறுபடியும் ஏற்றினால் பலகை பப்படமாகிவிடும் என்று ராக்கையா சொன்னான். சாராள் அன்று ராத்திரிச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகையில் பிரின்ஸும் இருந்தான், எபனேசரும் இருந்தார். தகவல் சொல்லி அனுப்பியிருந்ததால் சின்னக்கருப்பு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சாராள் பேச வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அவர் சத்தம் போடுவார். எபனேசர் திணறுவார். அப்போது அவள் எழுந்து, பிளேனர் இல்லாமல் மரவேலை ஆரம்பித்தவர்களுடைய லட்சணத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைப்பாள்.

சின்னக்கருப்பு சத்தம் போடவில்லை. இடது பக்க மயிலைத் தடவினார். வலது பக்கம் தடவினார். பலகையின் முனையில் குனிந்து, அவளைப் போலவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மெஷினில் ஏதோ சின்னக் கோளாறு, கம்பெனிக்காரனுக்குச் சொல்லியாயிற்று என்று எபனேசர் ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. இழைக்காமல் ஏன் ஏற்றினீர்கள் என்று ராக்கையாவிடம் கேட்டார். ராக்கையா தரையைப் பார்த்தான். சின்னக்கருப்பு சாராள் பக்கம் திரும்பினார்.

"போடி மில்லுல பதினோரு வருசம் இருந்த பிள்ள இங்கன இருக்குன்னு சொன்னாக. அந்த நம்பிக்கையிலதான் எம் மரத்த இம்புட்டுத் தூரம் கொண்டாந்தேன். நீங்க இருந்துமா தாயி இப்படி ஆச்சு?"

அவர் அவளைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. வண்டி பேசிக் கால்களையும் சட்டங்களையும் ஏற்றினார். சின்னமனூரில் யாராவது தலைமாடு இல்லாமல் சட்டம் மட்டும் வைத்துக் கட்டிலை முடித்துத் தருவார்களா என்று டிரைவரிடம் கேட்டார். பாழான பலகையையும் விட்டுவிட்டுப் போகவில்லை, கோணியில் சுற்றி எடுத்துப் போனார். கொடுத்திருந்த அட்வான்ஸை பிரின்ஸ் திருப்பிக் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

வண்டி போன பிறகு எபனேசர் தொண்டையைச் செருமினார்.

"கர்த்தருடைய சித்தம் இதுதான்னா..."

"அண்ணே, போதும்," என்றான் பிரின்ஸ்.

அவன் குரல் உயரவில்லை. ஆனால் அவன் அண்ணன் பேச்சில் குறுக்கே வந்து சாராளோ எபனேசரோ பார்த்ததில்லை.

"இவ ஜன்னல் பக்கம் எழுதும்போது பின்னாலதான் நின்னேன். மூணுலயும் பிளேனர்னு எழுதினா. அடுப்புல போடுறப்ப மிச்ச ரெண்டையும் பிரிச்சேன். ரெண்டுலயும் சிஎன்சின்னு இருந்துச்சு. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதாண்ணே."

எபனேசர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் தலையாட்டி என்று நினைத்தவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான் என்பதில் சாராளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீக?" என்றாள்.

"எந்த மெஷின் வந்தா என்ன, பாத்துக்கிற ஆளு நீதானன்னு இருந்தேன்." அவன் அவளைப் பார்க்காமல் பலகை கிடந்த இடத்தைப் பார்த்துச் சொன்னான். "மரத்த நீ பாழாக விடமாட்டன்னு நெனச்சேன். ராக்கையா ரெண்டு நாளு கேட்டானாம். நீ வேணாம்னயாம்."

அவன் அவளைத் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். திருப்பித் திட்டுவதற்கு அவளிடம் ஏராளமாக இருந்தது. ஊரில் ஒருவனுக்காவது மரத்தைப் பற்றித் தெரியுமா என்று இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தவள், தெரிந்தே ஒரு நல்ல பலகையைக் கொன்றிருக்கிறாள். பச்சை மரத்தில் ஜன்னல் செய்த காண்டிராக்டர் முட்டாள், அவ்வளவுதான். அவனுக்குக் கூட மரத்தின் மேல் பகை இருந்ததில்லை. ஆப்பிள் பெட்டியில் சோபா செய்தவனையும், மாமரத்தைத் தேக்கு என்று விற்க வந்தவனையும் நினைத்துப் பார்த்தாள். அவர்களில் யாரும் இதைச் செய்யவில்லை. தன்னைப் பற்றி அவளுக்கு வந்த அருவருப்பு, வேறு யாரைப் பற்றியும் அவளுக்கு வந்ததே இல்லை.

பிறகு எபனேசர், பஞ்சு வியாபாரி நாளைக்குத் தேனி வருகிறார், சாவியைக் கேட்டால் என்ன சொல்ல என்று பொதுவாகக் கேட்டார். அவரும் அதிகாரத்தோடு கேட்கவில்லை.

பிரின்ஸ் சாராளைப் பார்த்தான். ராக்கையாவும் உளிகளைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிஎன்சியை விற்றுவிட்டுப் பிளேனர் வாங்குவோம், வருஷம் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்றால் போதும். பிரின்ஸ் தலையாட்டுவான். எபனேசர் கூட இன்றைக்கு ஆட்டுவார். இத்தனை வருஷம் அவள் ஏங்கியது இதற்குத்தான், அவள் சொல்ல எல்லாரும் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு. தெரிந்தே ஒரு பலகையைக் கொன்றவள் சொல்ல, அதையும் இவர்கள் கேட்டு நிற்பார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இடுப்பில் செருகியிருந்த கொட்டகைச் சாவியை எடுத்தாள். எபனேசர் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"குடுத்துருங்க அத்தான்," என்றாள்.

பிரின்ஸ் இந்தத் தடவை தலையாட்டவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பஜார் கடை திறக்கிற நேரமாகிவிட்டது என்று ரோட்டுக்கு நடந்தாள்.